வெள்ளையில் போன பதினாலு ஃபாரம்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்சி ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தது. மறுநாளே ஒரு போன். எடுத்தால் ஒரு பெண் குரல், அவ்வளவு இதமாக, "எங்கள் சேவை உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை சொல்லவும்" என்றது. முகம் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு இந்த வயதிலும் உள்ளங்கை வேர்த்துவிடும். "அஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மிக்சி மூடி இன்னும் சரியாக உட்காரவில்லை, காலையில்கூடத் தேங்காய்ச் சட்னி பாதி சுவரில்தான் இருந்தது என்பது ஞாபகம் வந்தது. "அது ஆளே இல்லம்மா, ரெக்கார்டு பண்ணின குரல். அதுக்குப் போயி 'ங்க' போட்டுப் பேசுறியே" என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்கட்டும். யாராவது அக்கறையாகக் கேட்டால் நல்லபடியாகச் சொல்லிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், காலையிலிருந்து பட்டினி கிடப்பவரும் "இப்பத்தான் ஆச்சு" என்பார். அந்தப் பழக்கத்தால், தஞ்சாவூரிலேயே சந்தோஷமான ஆட்கள் என்று காகிதத்தில் ஏறி, கிடைக்க வேண்டிய ஒன்றைக் கோட்டைவிடப் பார்த்தோம் நாங்கள். பதினைந்து பதினாறு வருஷம் ஆகியிருக்கும்.

அப்போது நான் கரந்தைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் குடோனில் வேலை பார்த்தேன். தெருத்தெருவாகப் போய்ப் பழைய பேப்பர், பாட்டில், பால் கவர், ஓட்டைக் குடம் என்று எடுத்து வருகிறவர்கள் எட்டுப் பேர். எல்லாரும் மூன்று சக்கர வண்டிக்காரர்கள். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதைத் தரம் தரமாகப் பிரிக்கிற பெண்கள் நாங்கள் ஆறு பேர். குடோன் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். தெற்கே எங்கிருந்தோ வந்து, தஞ்சாவூர் வெயிலுக்குப் பழகிப்போன மனிதர். நல்லவர்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் சகுனம் பார்ப்பார்.

பிரிக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூஸ் பேப்பர் தனி, அட்டை தனி, கலர் பேப்பர் தனி. எல்லாவற்றிலும் உசத்தி 'வெள்ளை'. நோட்டுத்தாள், ஆபீஸ் தாள், பரீட்சைத் தாள் இதெல்லாம் வெள்ளை. இதைக் கண்ணால் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். கை தாளைத் தொட்டதும் விரலுக்கே தெரிந்துவிடும். தாள்கட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் நகத்தால் நெம்பி எடுத்து ஒரு பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும், தாளை உதறி வெள்ளைக் குவியலில் எறிய வேண்டும். பின், உதறல், எறிதல். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். என் பக்கத்தில் உட்காரும் அஞ்சலை அக்கா முன்னே நடவுக்குப் போனவள். நாற்று முடியைப் பிரித்த அதே வேகத்தில் பேப்பர் கட்டைப் பிரிப்பாள். அவள் பிறந்தது வலங்கைமான் பக்கம். வெடி செய்கிற ஊர். அவள் வாயைத் திறந்தால் ஊர்ப்பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆறு பேரில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் என் பெயரே 'டென்த்து' ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், குவியலிலிருந்து நல்ல சரக்காக ஒன்றை உருவிக் கொடுத்து, "படிடி டென்த்து" என்பார்கள். பரீட்சைத் தாள் கிடைத்தால் கொண்டாட்டம். காவிரி எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை "மேட்டூர் டேமில்" என்று எழுதியிருந்தது. அதற்கு வாத்தியார் சுழி போட்டிருந்தார். "ஏன், சரியாத்தானே எழுதியிருக்கு? தொறந்துவிட்டாத்தானே வருது" என்று அஞ்சலை அக்கா அந்த வாத்தியாரை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் பேச வெட்கப்படுகிற எனக்கு, படிப்பதில் மட்டும் வெட்கம் வந்ததில்லை. அது வேறு யாருடைய பேச்சோதானே.

இவ்வளவும் சுகம்தான். நாற்றம் ஒன்றுதான் சுகமில்லை. புளித்த பால், எலிப் புழுக்கை, ஊறிய அட்டை, யாரோ வீட்டு மீன் கழுவிய கவர், எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. குடோனுக்குள் இருக்கும்வரை தெரியாது. வெளியே வந்து பஸ் ஏறினால்தான் தெரியும். நானும் அஞ்சலை அக்காவும் திருவையாற்றுக்கு அந்தப் பக்கம். சாயங்கால டவுன் பஸ்ஸில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். ஆனாலும் எங்களுக்கு மட்டும் தினமும் உட்கார இடம் கிடைக்கும். நாங்கள் ஏறியதும் மூன்று பேர் சீட்டில் இருந்தவர்கள் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி எழுந்து முன்னால் போய்விடுவார்கள். அஞ்சலை அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, "கலெக்டர் கார்ல போனாக்கூட இம்புட்டு இடம் இருக்காதுடி" என்பாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையை முழு நீளத்துக்கு நீட்டித் தருவார்.

அக்காவுக்குச் சிரிக்கத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. என் மகள் அப்போது மூன்றாவது படித்தாள். பஸ் நிறுத்தத்துக்கு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, ஒருநாள் நான்கடி தள்ளியே நின்றுகொண்டு, "நீ மொதல்ல குளிச்சுட்டு வாம்மா. அப்பறம் கட்டிக்கிறேன்" என்றது. அதன் கூட நின்ற பிள்ளைகள் சிரித்தன. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசைதான். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

எங்கே ஊற்றிக்கொள்வது? குடோனில் பின்சுவரை ஒட்டி ஒரு குழாய் உண்டு. எதிரே டீக்கடை. ஆண்கள் கைலியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குளித்துவிடுவார்கள். நாங்கள் முகம் கழுவலாம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியிலோ வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஐந்து பாலம் தாண்டிப் போகிறவளுக்குக் குளிக்க ஓரிடம் இல்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? அதிலும் அது சித்திரை மாதம். ஐந்திலும் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கயல்விழி வந்தாள். காலேஜில் சமூகப் பணி படிக்கிற பெண். கஞ்சி போட்ட காட்டன் சுடிதார், கையில் அட்டை, அட்டையில் செருகிய ஃபாரம். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத வந்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம். மிகவும் திருப்தி, திருப்தி, சுமார், திருப்தி இல்லை, கொஞ்சமும் திருப்தி இல்லை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

முதலில் மாட்டியவர் மாரிமுத்து மாமா. அறுபது வயது, வண்டிக்காரர்களில் மூத்தவர். முட்டியில் எப்போதும் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருப்பார். அதை அவிழ்த்தால் நடக்க முடியாது.

"ஐயா, ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?"

"அருமைம்மா."

"நடக்கிறதுல ஏதாவது சிரமம்?"

"சேச்சே."

"பொழுதுபோக்கு?"

"அதுக்கென்னம்மா குறைச்சல்."

ஒரு முழு ஃபாரமும் 'மிகவும் திருப்தி'யில் முடிந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், "ஏன் மாமா, முட்டி வலின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று அஞ்சலை அக்கா கேட்டாள். "பாவம், வெயில்ல வந்திருக்கு அந்தப் புள்ள. நம்மள யாரு இப்படி உக்கார வச்சுக் கேட்டிருக்கா? அதுக்கிட்டப் போயி நம்ம கொறையக் கொட்டுறதா?" என்றார் மாமா.

அடுத்து அக்கா. பால் கவர் மலைக்கும் பழைய செருப்பு மலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவளிடம், "நீங்க வேலை செய்யுற சுற்றுப்புறம் எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு?" என்று கயல்விழி கேட்டாள். அக்கா இரண்டு மலைகளையும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. காத்து வருதுல்ல" என்றாள்.

"குடும்ப வாழ்க்கை?"

"அது எதுக்கு இப்ப? திருப்தின்னே போட்டுக்க. அந்த மனுசன் காதுக்குப் போனா அதுக்கு ஒரு சண்டை."

கயல்விழி பேனாவை மூடினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "அக்கா, நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். ஒரு சங்கத்துல பணம் ஒதுக்கியிருக்காங்க. மூணு குடோன்ல எங்க கஷ்டம் அதிகமோ அங்க பொம்பளைங்களுக்கு ஒரு குளியல் ரூம் கட்டித் தரப்போறாங்க. இந்த ஃபாரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா, நானே படிப்பை விட்டுட்டு இங்க வேலைக்கு வந்துரலாம்போல இருக்கு" என்றாள்.

கதவு வைத்த குளியல் ரூம்!

அப்புறம் எங்களுக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை என்பதைப் பார்த்துவிட்டு, பதினாலு பேருக்கும் புது ஃபாரம் என் கையில் கொடுத்தாள். "நீங்க படிச்சவங்க. ரெண்டு நாள்ல கேட்டு நிரப்பி வைங்கக்கா. உள்ளது உள்ளபடி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்கிக்கிறேன். என்கிட்ட வேற ஃபாரம் இல்ல. சனிக்கிழமை காலைலதான் கடைசி" என்று சொல்லிப் போனாள். ஒரு ஃபாரத்துக்கு மூன்று தாள், மூலையில் ஒரு பின்.

உள்ளது உள்ளபடி என்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது. நேற்றுவரை குறையே இல்லாத மாரிமுத்து மாமா இப்போது நிறுத்தவே மாட்டேன் என்கிறார்.

"முட்டி வலி போட்டியா? இருமல் போட்டியா? பக்கவாதமும் சேர்த்துக்க."

"பக்கவாதம் வந்தவரு எப்படி மாமா வண்டி மிதிப்பாரு?" என்றேன்.

"அப்ப பாதி வாதம்னு போடு."

அஞ்சலை அக்கா எல்லாக் கேள்விக்கும் கடைசிக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னாள். 'உடன் வேலை செய்பவர்களுடன் உறவு' என்று ஒரு கேள்வி வந்தது. அங்கேயும் பேனாவைக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "அதுல கை வைக்காத. அது மொத கட்டத்துலயே இருக்கட்டும்" என்றாள். மற்ற பன்னிரண்டு பேரும் கலந்து பேசாமலே அதையே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பதினாலு ஃபாரத்தையும் அடுக்கி, கூடையில் வைத்தால் சோற்று டப்பாவின் எண்ணெய் பட்டுவிடுமே என்று என் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் பத்திரமாக வைத்தேன். ஒன்பது மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சரக்கு வந்து இறங்கியது. வருஷம் முழுக்கப் பிள்ளைகள் எழுதின நோட்டும் தாளும். சுத்தமான வெள்ளை. எல்லாரும் மும்முரமாகிவிட்டோம். அஞ்சலை அக்கா அவள் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தில் நடந்த அடிதடியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவாரசியமான சண்டை. பத்தரை மணிக்குத் திரும்பிப் பார்த்தால் சாக்கு இருக்கிறது. மேலே ஒன்றும் இல்லை.

கூடையைக் கவிழ்த்தேன். சாக்கை உதறினேன். அக்காவின் மடிவரைக்கும் தேடியாகிவிட்டது. "யாருடி எடுத்தது?" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் டீ ஆற்றுகிறவரே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

எனக்கு என்னவோ தோன்றி, என் பால்பவுடர் டப்பாவை எட்டிப் பார்த்தேன். அதில் கிடக்கிற பின்னெல்லாம் பழையவை, துருப்பிடித்தவை. ஆனால் பாதி டப்பாவுக்கு மேலே, துருப்பிடித்த பின்களுக்கு நடுவில், பளபளவென்று புது பின் மின்னியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினேன். பதினாலு.

வேறு யாரும் எடுக்கவில்லை. என் கைதான் எடுத்திருக்கிறது. தாளைத் தொட்டுப் பார்த்திருக்கிறது, நல்ல வெள்ளை என்று கண்டுகொண்டிருக்கிறது, பின்னை நெம்பியிருக்கிறது, உதறி எறிந்திருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து நானே எழுதிய எழுத்து! காதுகுத்துச் சண்டையில் வாயைப் பிளந்துகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளைக் குவியலைப் பார்த்தால் காலி. அதற்குள் அண்ணாச்சியும் மாரிமுத்து மாமாவும் அதை மிஷினில் போட்டு அழுத்தி, கம்பி கட்டி இரண்டு பண்டலாக நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மில்லுக்கு லாரி. அண்ணாச்சிக்குக் கட்டிய பண்டலைப் பிரிப்பது ஆகவே ஆகாது. பிரித்தால் அன்றைக்கு லாரி வராது என்பது அவர் நம்பிக்கை.

"போயிக் கேளுடி. உன் கைதானே போட்டுச்சு" என்று அக்கா என்னை முதுகில் தள்ளினாள். மூன்று வருஷ வேலையில் நான் அண்ணாச்சியிடம் பேசியதெல்லாம் "ம்", "சரிங்க" இரண்டும்தான். மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்னிடம் இருந்த அத்தனை சத்தத்தையும் கூட்டி, "அண்ணாச்சி, அந்தப் பண்டலைப் பிரிங்க!" என்று கத்தினேன். நான் வாயைத் திறக்கவும் கரண்ட் போய் மிஷின் நிற்கவும் சரியாக இருந்தது. என் குரல் கரந்தை முழுக்கக் கேட்டிருக்கும்.

அண்ணாச்சி இரண்டடி பின்னால் போனார். "யாரு, இந்தப் புள்ளையா? இதுக்கு வாயி இருக்கா?" என்று மாமாவிடம் கேட்டார்.

கத்தியாகிவிட்டது, இனி என்ன. "குளிக்கிற ரூமுங்க. ஃபாரம் உள்ள போயிருச்சு. நானே திரும்பக் கட்டித் தர்றேங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பண்டலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் பிரிப்பேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அஞ்சலை அக்கா இரண்டு பண்டலையும் சுற்றிச் சுற்றி வந்தாள். மாடு பிடிக்கப் போனவள் மாதிரி விலாவைத் தடவிப் பார்த்தாள். அழுத்தின பண்டலின் பக்கவாட்டில் தாள் ஓரங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். "இந்தா, இந்த மஞ்ச ஓரம் வக்கீல் வீட்டுக் கட்டு. மொதல்ல வந்தது. அதுக்கு மேல பள்ளிக்கூடத்து நோட்டு. இந்தா இருக்கு பாரு நீலம், இது படம் வரையுற நோட்டு. அது வந்தப்ப நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

"மாமன்காரர் சபையில எழுந்து நின்னது வரைக்கும்" என்றேன்.

"அப்பத்தான் நீ வாயப் பொளந்த. இதுக்குள்ளதான் இருக்கு. வெட்டுங்க அண்ணாச்சி."

கம்பியை வெட்டியதும் பண்டல் பெருமூச்சு விட்ட மாதிரி உப்பிக்கொண்டு சரிந்தது. சரியாக அந்த நேரத்தில் கயல்விழி உள்ளே வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு எங்களோடு குவியலில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு லாரி வரவில்லை. அண்ணாச்சி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

மூன்று மணிவரை தேடி நாற்பத்திரண்டு தாளையும் எடுத்துவிட்டோம். அப்புறம்தான் அடுத்த வினை. பின் இல்லாத தாள்கள். முதல் தாளில் மட்டும்தான் வயதும் ஆணா பெண்ணா என்பதும். இரண்டாவதும் மூன்றாவதும் யாருடையது என்று எப்படித் தெரியும்? எல்லாமே என் கையெழுத்து. குத்துமதிப்பாகச் சேர்த்துப் பின் அடித்தோம். கடைசியில் ஒன்றைப் புரட்டிப் பார்த்த கயல்விழி அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். அறுபது வயது ஆண், முட்டி வலி உண்டு, மாதவிலக்கு நாட்களில் வேலை செய்யச் சிரமமாக உள்ளது. "இருக்கட்டும்மா, கஷ்டந்தானே" என்றார் மாரிமுத்து மாமா. கரண்ட் வந்து மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அந்தப் பண்டலை அடுக்கிக் கம்பி கட்டினேன். கை இரண்டும் கிழிந்துபோயிற்று.

கயல்விழிக்குத் திருவையாறு. அன்றைக்கு எங்கள் பஸ்ஸிலேயே வந்தாள். தலையெல்லாம் தூசி, கஞ்சி போட்ட சுடிதாரில் என்னென்னவோ கறை. நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். வழக்கம்போல இடம் காலியானது. பூ வைத்திருந்த ஓர் அம்மாள் கயல்விழியைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடினாள். கண்டக்டர் கை நீண்டது. அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குடமுருட்டிப் பாலம் தாண்டும்போது, "தினமும் இப்படித்தானாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன், சீட்டு கெடச்சுதுல்ல?" என்றாள் அஞ்சலை அக்கா.

அவள் சிரிக்கவில்லை. மறு வாரம் வந்தபோது சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்காமலே உட்கார்ந்து, ஃபாரங்களோடு சேர்த்து அந்த பஸ் பயணத்தை ஒரு பக்கம் எழுதி வைத்தாளாம். சங்கத்துக்காரர் அத்தனை டிக்கையும் புரட்டிவிட்டு, அந்த ஒரு பக்கத்தைத்தான் இரண்டு தடவை படித்தாராம்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அதே மாதம் எங்களுக்கும் வந்தது. பின்சுவரை ஒட்டி, ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கிற அளவில் ஒரு செங்கல் அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், நீலம் அடித்த தகரக் கதவு, உள்ளிருந்து போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள். முதல் நாள் யார் முதலில் குளிப்பது என்பதில் நடந்த சண்டை, நாத்தனார் வீட்டுக் காதுகுத்தைத் தோற்கடித்துவிட்டது. பேசிப் பேசி ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முடிவானது. அக்கா மட்டும் இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கதவைத் தட்டினால், "இருங்கடி, மூணு வருசத்து அழுக்கு" என்று உள்ளிருந்து வெடித்தாள்.

அன்று சாயங்காலம் நனைந்த கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினோம். யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. யாரும் எழுந்துகொள்ளவில்லை. முதன்முறையாகக் கரந்தையிலிருந்து வெண்ணாறு வரைக்கும் நின்றுகொண்டே போனோம். "இடம் போச்சேடி" என்று அக்கா என் காதில் சொன்னாள். அவள் பல்லெல்லாம் தெரிந்தது. வெண்ணாற்றங்கரையில் ஓர் இடம் காலியாகி உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், என்னைப் பார்க்கக்கூட இல்லை, "கொஞ்சம் புடிச்சுக்குங்கக்கா" என்று இடுப்பிலிருந்த குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டாள். அது என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தக் கணமே தூங்கிவிட்டது. என் ஊர் வந்தது. எழுப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம் வேறு. மூன்று நிறுத்தம் தாண்டி அவர்கள் இறங்கும்போது நானும் இறங்கி, இருட்டுவதற்குள் வாய்க்கால் ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன். எங்கேடி போனாய் என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. என் மகள் கேட்கவில்லை. வந்து கட்டிக்கொண்டாள்.

அப்புறம் நாலைந்து வருஷத்தில் எல்லாம் கலைந்துவிட்டது. ரோடு அகலப்படுத்த வந்தார்கள். அண்ணாச்சி சகுனம் சரியில்லை என்று குடோனை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். மாரிமுத்து மாமா இப்போது இல்லை. அக்கா மகன் வீட்டோடு திருப்பூரில் இருக்கிறாள். போனில் பேசினால் நான் போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வேன், அப்போதும் கேட்கும். கயல்விழி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் தஞ்சாவூருக்குப் போனபோது அந்த வழியாக நடந்தேன். குடோன் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் நுரை போட்டு, தேய்த்து, பீய்ச்சி, துடைத்துவிடுகிறார்கள். ஒரு காருக்கு அரை மணி நேரம். எங்கள் அக்காவுக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை. பின்னால் எங்கள் அறை மட்டும் நிற்கிறது. நீலம் உதிர்ந்துவிட்டது. உள்ளே நுரை மருந்து கேன்களை அடுக்கியிருக்கிறார்கள்.

"என்னம்மா வேணும்?" என்று அங்கிருந்தவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வராமல், அறையைக் கையால் காட்டினேன். "பாத்ரூமா? இங்க லேடிஸுக்கெல்லாம் கிடையாதுங்களே" என்றவர், என்ன நினைத்தாரோ, கேன் ஒன்றை எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்தார். வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொண்டியும் பூட்டும் வைத்திருந்தார்கள். உள்பக்கம், என் தோள் உயரத்தில், தாழ்ப்பாளைப் பிடுங்கிய இடத்தில் நான்கு ஆணி ஓட்டை இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.